எங்கள் பாடசாலை ஓட்டோ: ஆரையம்பதியிலிருந்து கல்லடிக்கு, ஒன்றரை வருடம்

என் கணவர் கட்டாருக்குப் போனது 2023 கார்த்திகையில். மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2024 மாசியில். அவர் ஊரில் இருந்திருந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருப்பார், பாடசாலை ஓட்டோவைப் பற்றி நான் யோசித்தே இருக்க மாட்டேன். இப்போது அந்த ஓட்டோ ஒரு நாள் வராவிட்டால் எங்கள் வீட்டில் ஒன்றும் ஓடாது. மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கமிருந்து கல்லடிப் பாடசாலைகளுக்குப் பிள்ளை அனுப்பும் தாய்மாருக்கு, அதிலும் கணவர் வெளிநாட்டில் இருக்கிற தாய்மாருக்கு, பிரயோசனப்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டக்களப்பு டவுனில் ஒரு கந்தோரில் வேலை. எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும், நாலேகாலுக்குத்தான் வெளியே வரலாம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. மகன் ஊருக்குள்ளேயே முன்பள்ளிக்குப் போகிறான். அம்மா எங்கள் பின் வளவில் இருக்கிறா. சமைப்பா, பிள்ளைகளைப் பார்ப்பா. ஆனால் முழங்கால் வருத்தம், றோட்டுக்கு இறங்கி நடக்க ஏலாது.

முதலில் நானே ஸ்கூட்டியில் கொண்டுபோகலாம் என்றுதான் பார்த்தேன். மகனை முன்னுக்கு நிற்கவைத்து, மகளைப் பின்னுக்கு இருத்தி, காத்தான்குடிக்குள்ளால் காலை ஏழு மணிக்கு ஓடினேன். அந்த நேரம் கல்முனை வீதி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் ஒரு பஸ் ஒதுக்கிய ஒதுக்கில் ஸ்கூட்டியை றோட்டோர மணலுக்குள் இறக்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. மகள் சத்தமே போடவில்லை, என் சேலைத் தலைப்பை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கல்லடி வந்து இறங்கிய பிறகும் அந்தக் கை விடவில்லை. அன்றோடு அந்த யோசனையை விட்டேன். போவதை எப்படியோ சமாளித்தாலும் வருவது பெரிய பிரச்சினை. சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பதினொன்றரைக்கே விட்டுவிடுவார்கள். அந்த நேரம் கந்தோரை விட்டு நான் எப்படி வருவது?

இந்த ஓட்டோ எங்களுக்கு இரண்டாவது. முதல் பிடித்த ஓட்டோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒன்பது பிள்ளைகள். பின் சீற் மூன்று பெரியவர்களுக்கென்று செய்தது. அதில் ஆறு பேர், காலடியில் ஒரு பலகை போட்டு ஒருத்தர், ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தர். மகள் பலகைப் பிள்ளை. வீட்டுக்கு வரும்போது முழங்காலில் மற்றப் பிள்ளைகளின் சப்பாத்து அடையாளம் இருக்கும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன், வேறு வழி இல்லை என்று. கணவர் வெளிநாட்டில் என்று தெரிந்த பிறகு அந்த ஓட்டுநரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வரத் தொடங்கியது. முதலில் "நாளைக்குப் பத்து நிமிசம் பிந்தும்" என்று வந்தது. பிறகு இரவு ஒன்பதரைக்கு "சாப்பிட்டாச்சா" என்று வந்தது. நான் பதில் போடவில்லை. அடுத்த இரவும் வந்தது. காலையில் அதே ஆளின் கையில்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், கோபமாகப் பேசவும் பயம். இதை யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் பாலைவனத்தில் நின்றுகொண்டு என்ன செய்வார், நித்திரைதான் கெடும். அம்மாவிடம் சொன்னேன். "மாத முடிவோட நிப்பாட்டு புள்ள, காரணம் சொல்லாத" என்றா. அப்படியே செய்தேன். தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

2024 சித்திரை விடுமுறை முடிந்து இந்த ஓட்டோவுக்கு மாறினோம். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிற தொழில். ஓடுவது அண்ணன், கணக்கும் போனும் அக்கா. முதல் நாள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கடப்படியில் நின்றுகொண்டார், அக்கா உள்ளே வந்து விறாந்தையில் இருந்து பேசினா. "தங்கச்சி, எதுவெண்டாலும் என்ட நம்பருக்கு எடுங்க. அவருக்கு எடுக்க வேணாம், அவர் ஓடக்குள்ள போன் தூக்க மாட்டார்" என்று சொன்னா. ஓடும்போது போன் தூக்காதது பாதுகாப்புக்கு நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். அவ எனக்காகவும் யோசித்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறா என்று சில வாரம் போன பிறகுதான் விளங்கியது. இன்றுவரை அண்ணனிடமிருந்து என் போனுக்கு ஒரு அழைப்புக்கூட வந்ததில்லை. கடப்பைத் தாண்டி உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை. ஊர்வாய் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசியதில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பெறுமதியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஓட்டோவுக்கு வருகிறேன். பழைய ஓட்டோதான், சிவப்பு நிறம். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. றோட்டுப் பக்கம், அதாவது வலது பக்கம், கம்பிக் கதவு ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். அதன் கொழுக்கி வெளியே இருப்பதால் உள்ளிருந்து பிள்ளைகள் திறக்க முடியாது. இடது பக்கம் குறுக்கே ஒரு கம்பி, சைக்கிள் டியூப் சுற்றியது, பிள்ளைகள் பிடிக்கும்போது வழுக்காது. மழைக்கு இரண்டு பக்கமும் றெக்சின் திரை. கிழிந்த இடங்களை அக்கா தையல் மெசினில் அடித்திருக்கிறா, நூல் வேறு நிறம். பின் சீற்றுக்கு மேலே ஐந்து கொழுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குடை. மகளின் கொழுக்கி இடமிருந்து இரண்டாவது. முதல் வாரம் வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் செய்தி அதுதான்: "அம்மா, எனக்கெண்டு ஒரு கொழுக்கி இருக்கி." அப்பா போனதிலிருந்து அவளுடைய அலுமாரித் தட்டு, அவளுடைய கதிரை எல்லாம் தம்பியோடு பங்கு போட்டதுதான். அந்தக் கொழுக்கி மட்டும் அவளுக்கே உரியது.

காலை 6.45க்கு இரண்டு தடவை சின்னதாக ஹோர்ன் அடிக்கும். மழை நாளில் ஐந்து நிமிடம் பிந்தும், அதற்கு மேல் பிந்தினால் அக்காவிடமிருந்து முன்கூட்டியே அழைப்பு வரும். திரும்பி வரும்போதுதான் அண்ணனின் கவனம் தெரியும். பிள்ளையை இறக்கிவிட்டு உடனே ஓட்டோவைத் திருப்ப மாட்டார். அம்மா விறாந்தையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்து மகளின் கையைப் பிடிக்கும்வரை நிற்பார். அம்மாவின் முழங்காலுக்கு அது இரண்டு மூன்று நிமிடம். மற்றப் பிள்ளைகள் உள்ளே இருந்து சத்தம் போடும், அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கை கைக்கு மாறிய பிறகுதான் ஸ்ராட் பண்ணுவார்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு அது ஒரு தனி உலகம். காத்தான்குடியில் றோட்டு நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களை எண்ணிக்கொண்டு போவார்கள். ஐந்து பேரும் ஐந்து கணக்குச் சொல்வார்கள். மகள் இருபதுக்கு மேல் பிழையில்லாமல் எண்ணப் பழகியது வகுப்பிலா ஓட்டோவிலா என்று எனக்கே சந்தேகம். "அப்பா இருக்கிற இடத்திலயும் இந்த மரம்தானாம்" என்று அவள் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வாளாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சனம் சேருகிற நேரத்தில்தான் இவர்கள் திரும்பி வருவது, அதனால் அன்றைக்கு மட்டும் கடற்கரைப் பக்கத்து வீதியால் சுற்றி வருவார். அப்படி மாற்றுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே அக்கா அதைச் சொல்லி என்னிடம் சம்மதம் கேட்டா. வழி மாறுவதற்கு யார் கேட்பார்கள்? இவர்கள் கேட்டார்கள்.

அந்த வெள்ளி எங்களுக்கு முக்கியமான நாள். கட்டாரில் என் கணவருக்கு அன்று லீவு. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். மகள் பன்னிரண்டேகாலுக்கு வீட்டுக்கு வரும்போது அங்கே ஒன்பதே முக்கால். அம்மாவின் போனுக்கு இமோ என்ற ஆப்பில் எடுப்பார். அம்மாவுக்கு அதைத் தூக்கத் தெரியாது, மகள்தான் தூக்க வேண்டும். ஓட்டோ பத்து நிமிடம் பிந்தினால் அவர் அங்கே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார், அம்மா இங்கே அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பா. அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது, மகள்தான் சொல்லியிருப்பாள். வெள்ளியில் எங்கள் வீட்டில்தான் முதல் இறக்கம். மற்ற நாளில் நாங்கள் மூன்றாவது.

கோடையில் இன்னும் வசதி. கட்டாரில் ஆனி முதலாம் திகதியிலிருந்து புரட்டாதி 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வெளிவேலை செய்யக்கூடாது என்று சட்டம். நம் நேரப்படி அது பன்னிரண்டரையிலிருந்து ஆறு மணி. அந்த மூன்றரை மாதமும் பிள்ளைகள் சாப்பிடும்போது அவர் திரையில் இருப்பார். மற்ற மாதங்களில் காலையில் நான் மகளுக்குத் தலை பின்னும்போது அவருடைய குரல் பதிவு ஒன்று வரும், அங்கே விடிய நாலு மணிக்கு வேலைக்கு வெளிக்கிடும் முன் பேசி அனுப்புவது.

அந்தக் குரல் பதிவுப் பழக்கமே இந்த ஓட்டோவால் வந்ததுதான். போன வருடம் ஆவணியில் அவருக்கு இரவு வேலை மாறிவிட்டது, மூன்று கிழமை சரியாகப் பேச முடியவில்லை. வீட்டில் மகள் ஒன்றும் காட்டவில்லை, சாப்பிட்டாள், விளையாடினாள். ஒரு நாள் அக்கா எனக்கு எடுத்தா. "தங்கச்சி, குறை நினைக்க வேணாம். மகள் இண்டைக்கு ஓட்டோவுக்குள்ள சொன்னவவாம், அப்பாட குரல் மறந்து போகுது எண்டு. அவர் வந்து எனக்கிட்டச் சொன்னார். உங்களுக்குச் சொல்லாம விட ஏலாது." நான் கந்தோரில் பைல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சொல்லாததைப் பிள்ளை ஓட்டோவில் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டவர் சிரித்துவிட்டுப் போகாமல் மனதில் வைத்து, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி, அவ எனக்குச் சொல்லியிருக்கிறா. அன்றிரவே கணவருக்கு எழுதினேன். அடுத்த நாள் விடியவே முதல் பதிவு வந்தது. பன்னிரண்டு செக்கன்தான். "அப்பாட ராசாத்தி, பால் குடிச்சிட்டுப் போகணும்." மகள் அதை ஆறு தரம் கேட்டாள், அன்றைக்குப் பின்னல் கோணலாகத்தான் வந்தது.

இன்னொரு விசயம், மற்ற ஓட்டோக்காரரும் கட்டாயம் செய்ய வேண்டியது. சேர்ந்த முதல் வாரமே அக்கா என்னிடம் வகுப்பு ரீச்சருக்கு ஒரு கடிதம் கேட்டா. அண்ணனின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஓட்டோ இலக்கம், ஒரு படம், "என் பிள்ளையை இவரிடம் ஒப்படைக்கலாம்" என்ற என் கையெழுத்து. பெரிய அலுவலாக இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். இந்த வருடம் மாசியில் ஒரு நாள் பத்து மணிக்குப் பாடசாலையிலிருந்து போன்: மகள் சத்தி எடுக்கிறாள், காய்ச்சல். என்னால் உடனே வெளிக்கிட முடியாத நேரம். அக்காவுக்கு எடுத்தேன். இருபது நிமிடத்தில் அண்ணன் பாடசாலையில். ரீச்சர் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் பிள்ளையை விட்டிருக்கிறா. நேரே என் கந்தோர் வாசலுக்குக் கொண்டுவந்தார். மகள் சீற்றின் நடுவில், மடியில் ஒரு பொலித்தீன் பை, தோளில் அண்ணனின் துவாய். பையை வாங்கி மடித்து எங்கே போடலாம் என்று அவரே தேடிக்கொண்டு போனார். நான் காசு நீட்டினேன். "மாதக் கணக்குக்குள்ள வந்திரும் தங்கச்சி" என்றார். மாத முடிவில் கொப்பியைப் பார்த்தேன், அதை எழுதவே இல்லை.

கொப்பி என்றேன். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மகளுக்கு மாதம் 6,000 ரூபாய். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை மாதங்களில் ஓடிய நாளுக்கு மட்டும் கணக்கு. 2024 ஒக்டோபரில் 92 ஒக்டேன் பெற்றோல் 332 இலிருந்து 311 ரூபாய்க்கு இறங்கியபோது, நாங்கள் கேட்காமலே அந்த மாதம் 200 ரூபாய் குறைத்திருந்தார்கள். விலை ஏறினால் உடனே ஏற்றுகிறவர்களைத்தான் நான் அதுவரை கண்டிருக்கிறேன். கணவருடைய காசு எனக்கு வந்து சேர மாதம் எட்டாம், பத்தாம் திகதி ஆகும். பத்தாம் திகதிவரை அக்கா ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறைக்கு ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் மட்டும் கிடைத்த காலத்திலும் இவர்கள் பிள்ளை ஏற்றியவர்கள்தான். பிள்ளைகளுக்கு மட்டும் ஓடி, வேறு ஹயர் ஒன்றும் எடுக்காமல் சமாளித்தோம் என்று அக்கா ஒரு நாள் சொன்னா.

அம்மாவுக்கு மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரியில் கிளினிக். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஆள் இல்லை. முதல் மாதம் லீவு போட்டேன். பிறகு அக்காவே, "நம்மட வீட்ட விடுங்க, நான் பாக்கன்" என்றா. மகனையும் முன்பள்ளியில் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் வரும்போது இரண்டும் புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டுப் பாயில் நித்திரையாக இருக்கும். இதற்குக் காசு எடுக்க மாட்டேன் என்று நின்றா. நான் விடவில்லை, ஒரு நாளைக்கு 500 என்று கொப்பியில் எழுதவைத்தேன். சும்மா செய்கிற உதவியை அடுத்த மாதமும் போய்க் கேட்க எனக்கு வாய் வராது.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை, வைகாசிச் சடங்கு. அண்ணனுக்குக் கண்ணகியம்மன் கோயிலில் பொறுப்பு இருக்கிறது. கோயில் கதவு திறந்த நாளிலிருந்து குளுத்தி என்கிற கடைசிச் சடங்கு முடியும்வரை ஓட்டோ ஓடாது, ஏறக்குறைய ஒரு கிழமை. அம்மாளின் காரியம், அதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமைக்கு மாற்று ஓட்டோ ஒழுங்குபண்ணித் தருவதில்லை. முதல் வருடம் மூன்று நாள் முன்னர்தான் சொன்னார்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டேன், மிச்ச நாள் பக்கத்து வீட்டுத் தம்பியின் கையைக் காலைப் பிடித்தேன். இந்த வருடம் இரண்டு கிழமைக்கு முன் சொன்னார்கள். அது போதாது. ஐந்து பிள்ளைகளின் பொறுப்பு எடுத்தவர்கள், நம்பிக்கையான இன்னொரு ஓட்டோவோடு பேசிவைக்க வேண்டும். இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது ஐஸ் பக்கட். வெள்ளிக்கிழமை என்றால் ஐந்து பேருக்கும் வாங்கிக் கொடுப்பார். மகளுக்கு இழுப்பு வருகிற உடம்பு. இரண்டு வெள்ளி இரவு முழுக்க இருமினாள், காரணம் தெரியாமல் நான் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மகள் வாயிலிருந்து வந்தது. அக்காவிடம் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே. அடுத்த வெள்ளியிலிருந்து நிலக்கடலை. பாட்டுச் சத்தமும் கூட. பாடசாலை விட்டு வரும்போது பிள்ளைகள் கேட்டால் கூட்டிவிடுவார். அதை இன்னும் முழுதாகக் குறைக்கவில்லை.

மழையைப் பற்றி எழுதாமல் முடிக்க ஏலாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைப் பக்கம், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. அந்தச் செய்தி வந்த இரவு நான் இரண்டு பிள்ளைகளையும் என் பக்கத்தில் போட்டுக்கொண்டு விடியும்வரை முழித்திருந்தேன். அவர் அங்கிருந்து எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தார், நானும் பேசவில்லை. அந்த வெள்ளம் வடிந்து பாடசாலை திறந்த முதல் நாள் அக்கா எடுத்தா. "தங்கச்சி, றோட்டில தண்ணி முழங்கால் அளவு எண்டா அவர் ஓட மாட்டார். பாதி வழியில தண்ணி கண்டாலும் அங்கயே கிறுகிப் பாடசாலைக்கே கொண்டு போவார், மறுகா உங்களுக்குச் சொல்லுவன். வீட்டுக்குத்தான் கொண்டு வரணும் எண்டு நீங்க நிக்கப்படா." இப்படிச் சொல்லுங்கள் என்று யாரும் அவவைக் கேட்கவில்லை. நான் ஓம் என்றேன். கார்த்திகை மழை இதோ தொடங்கப்போகிறது, போன கிழமை அக்கா அதே பேச்சைத் திரும்பவும் சொல்லி ஓம் வாங்கினா.

அவர்களின் பெயரையோ போன் இலக்கத்தையோ இங்கே போடவில்லை. ஆரையம்பதியில் காலை ஆறே முக்கால் போல கல்முனை வீதிப் பக்கம் நின்றால் சிவப்பு ஓட்டோ, வலது பக்கம் கம்பிக் கதவு, வேறு நிற நூல் தையல் போட்ட திரை, கண்டுபிடிக்கலாம். மறித்துக் கேட்காதீர்கள், பிள்ளைகளோடு நிற்பாட்ட மாட்டார். அக்காவைத்தான் கேட்க வேண்டும். இந்த வருடத்தோடு பிள்ளைகள் இருவர் நிற்கிறார்கள், அடுத்த வருடம் இரண்டு இடம் வரும். அதில் ஒன்றை மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; தனக்கு எந்தக் கொழுக்கி என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். மற்றது இன்னும் யாருக்கும் சொல்லவில்லையாம்.